கைக்கணக்கு: பை பார்க்க யாரையும் உட்கார வைக்காதீர்கள்

விடுமுறை நெருங்கும்போது எனக்கு வரும் கடிதங்களில் பாதி தீம் பார்க் பற்றித்தான் இருக்கும். போன மாதம் வந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கரூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் 34 வருடம் காசாளராக இருந்தவள் நான். கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அதனால் பதில்களிலும் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

அக்கா, என் கணவர் டூவீலர் மெக்கானிக். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. மாமியாருக்கு 64. பெங்களூரு வொண்டர்லாவுக்குக் கூட்டிப் போகச் சொல்லிப் பிள்ளைகள் இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். சீட்டுப் பணத்தில் 15,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கார் பிடித்துப் போய் 30,000 ஆனது என்கிறார்கள். எங்கள் காசுக்கு முடியுமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

முடியும் சகோதரி. பக்கத்து வீட்டுக்காரர்களின் செலவைப் பிரித்துப் பாருங்கள். கார் வாடகை, டிரைவர் படி, டோல்கேட், இரண்டு நாள் லாட்ஜ் என்று பாதிப் பணம் பார்க்குக்குள் நுழைவதற்கு முன்பே போயிருக்கும். அந்தப் பாதியைத்தான் நீங்கள் மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்.

உங்கள் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து மைசூரு போகும் எக்ஸ்பிரஸ் மதுரை, திண்டுக்கல் வழியாக ராத்திரியில் ஓடி, காலையில் பெங்களூரு கே.எஸ்.ஆர். ஸ்டேஷனில் உங்களை இறக்கிவிடும். அன்று இரவே எதிர்த்திசை வண்டி பெங்களூரிலிருந்து கிளம்புகிறது. ஓர் இரவு போக, ஒரு பகல் விளையாட, ஓர் இரவு வர. லாட்ஜுக்குப் பத்துப் பைசா கிடையாது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது). விடுமுறைக் காலம் என்றால் திறக்கிற அன்றே காலையில் எடுத்துவிடுங்கள். தட்காலை நம்பி உட்கார்ந்தால் கூடுதல் காசும் போகும், ஐந்து பேருக்கும் இடம் கிடைக்குமா என்ற கவலையும் சேரும்.

ரயிலில் 5 வயதுக்கு மேல் 12 வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். 2016-லிருந்து இதுதான் விதி. பெர்த் வேண்டாம் என்றால் பாதி. மகன் உங்களோடு படுத்துக்கொள்வான், அவனுக்குப் பாதி போதும். மகளுக்குப் பெர்த் எடுத்துவிடுங்கள். பதினோரு வயதுப் பெண் இரவு முழுக்க ஒடுங்கிப் படுத்து வந்தால் மறுநாள் விளையாட உடம்பில் தெம்பு இருக்காது. மாமியாருக்கு ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை இல்லை, 2020-ல் நிறுத்தியதுதான். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது அவருடைய வயதைச் சரியாகப் போடுங்கள், கீழ் பெர்த் கிடைக்க அது உதவும்.

இனி பார்க் டிக்கெட். அங்கே குழந்தைக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 செ.மீ. வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். பதினோரு வயதில் பெண் பிள்ளைகள் மளமளவென்று வளர்ந்துவிடுவார்கள். இன்றைக்கே சுவரில் நிற்க வைத்து அளந்து பாருங்கள். 140-ஐத் தாண்டிவிட்டாள் என்றால் பெரியவர் டிக்கெட் போட்டுக் கணக்கு எழுதுங்கள். அந்த உயரம் இருந்தால் பெரிய ரைடுகளிலும் அவளை ஏற்றுவார்கள், அதனால் கொடுக்கிற காசு வீணில்லை. மாமியாருக்கு 60 வயது தாண்டியவர்களுக்கான டிக்கெட் கேளுங்கள், ஆதார் கையில் இருக்கட்டும். வார நாளுக்கும் சனி ஞாயிறுக்கும் விலை வேறு வேறு. ஆன்லைனில் நாள் வாரியாகக் காட்டும். காட்டுகிற விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நான் போட்ட கணக்கு இது. பெரியவர் டிக்கெட் 1,500, குழந்தைக்கும் மாமியாருக்கும் 1,200 என்று வைத்துக்கொண்டேன். அன்றைய விலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். மகளையும் சேர்த்துப் பெரியவர் மூன்று, மற்ற இரண்டு, ஆக 6,900. ஸ்லீப்பர் தலைக்கு 400 என்று தாராளமாகவே போட்டால் போக வர 3,600. மெட்ரோ, பஸ், ஆட்டோவுக்கு 1,000. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 2,000. லாக்கருக்கும் சில்லறைச் செலவுக்கும் 500. மொத்தம் 14,000. கையில் ஆயிரம் நிற்கிறது. அதைத் தொடாமல் வைத்திருங்கள், வெளியூரில் ஒரு மாத்திரை வாங்கவாவது வேண்டும்.

வழி சொல்கிறேன். கே.எஸ்.ஆர். ஸ்டேஷனிலேயே மெட்ரோ இருக்கிறது. ஊதா லைனில் சல்லகட்டா பக்கம் போகும் வண்டியில் ஏறி கெங்கேரியில் இறங்குங்கள். அங்கிருந்து ராமநகரம் போகும் சாதாரண பஸ். மைசூரு எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள், அது மேலே புது நெடுஞ்சாலையில் நிற்காமல் போய்விடும். கர்நாடகத்தில் பெண்களுக்கு பஸ் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023-ல் வந்த அந்தச் சக்தி திட்டம் அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும்தான். நாம் டிக்கெட் எடுக்க வேண்டும்.

பார்க் வாசலைத் தாண்டி பிடதி வரை போய்விடுங்கள். பிடதியின் தட்டு இட்லி பேர் போனது. சாப்பாட்டுத் தட்டுக் கணக்கில் அகலமாக, மெத்தென்று இருக்கும், மேலே வெண்ணெய் வைத்துத் தருவார்கள். ஆளுக்கு இரண்டு சாப்பிட்டால் மத்தியானம் வரை பசிக்காது. அப்புறம் ஒரு ஆட்டோ பிடித்துத் திரும்பினால் பதினோரு மணிக்குக் கேட் திறக்கும்போது நீங்கள் வரிசையில் முதலில் நிற்கலாம். காலையில் குளிக்க ரூம் போட வேண்டுமே என்று நினைக்காதீர்கள். ஸ்டேஷன் வெயிட்டிங் ஹாலில் பல் தேய்த்து முகம் கழுவினால் போதும், பகல் முழுக்கத் தண்ணீரில்தானே இருக்கப் போகிறீர்கள்! பெரிய பையை ஸ்டேஷன் கிளாக் ரூமில் போடலாம். பையில் பூட்டு இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள், வீட்டிலிருந்தே பூட்டோடு வாருங்கள்.

இனி உங்கள் மாமியார் விஷயம். நான் இந்தப் பகுதி எழுத ஆரம்பித்ததற்கே அதுதான் காரணம் என்று சொல்லலாம்.

பல வருடங்களுக்கு முன் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். லாக்கருக்குக் காசு கேட்டார்கள். “அம்மாதான் இருக்கிறாளே, பையைப் பார்த்துக்கொள்வாள்” என்று நானே சொன்னேன். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தவள் ஆறு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று பாத்ரூம்கூடப் போகாமல் இருந்திருக்கிறாள். சாயங்காலம் நான் ஈரத் தலையோடு வந்து பார்த்தபோது, எங்கள் ஐந்து பேர் செருப்பையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் முழு டிக்கெட் எடுத்திருந்தோம். லாக்கர் காசு மிச்சம் என்று அன்றைக்கு டைரியில் எழுதினேன். அந்த டைரி இன்னும் என்னிடம் இருக்கிறது, அந்தப் பக்கத்தைத் திறக்கவே மனசு வராது. அம்மா போய் ஒன்பது வருடமாகிறது.

அதனால்தான் மேலே 500 ரூபாயில் லாக்கரை முதலில் எழுதினேன். மாமியாரிடம் முன்கூட்டியே கேளுங்கள், வர விருப்பமா என்று. வருகிறேன் என்றால் அவரும் விளையாட வருகிறார் என்று வைத்து எல்லா ஏற்பாட்டையும் செய்யுங்கள். இரண்டு இரவு ரயில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்களாமே! பைக்கு அடியில் சப்பாத்தி ரோல் வைத்துக் கொண்டுபோனால் என்ன?
— ஒரு வாசகர், ஓசூர்

வேண்டாம் தம்பி. பிடிபட்டால் கேட்டில் உங்கள் பிள்ளை முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்தின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டை விட அதிகம். பிடிபடாவிட்டால் இன்னும் மோசம், இப்படிச் செய்யலாம் என்று அவன் கற்றுக்கொள்வான். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டு உள்ளே போங்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஓட்டலில் கூட்டம் முட்டும், இரண்டு மணிக்கு மேல் போங்கள். குழந்தைக்கு ஒரு முழுச் சாப்பாடு வாங்காமல், பெரியவர் சாப்பாட்டைப் பிரித்துக் கொடுங்கள். விளையாட்டு மும்முரத்தில் அவர்கள் பாதிக்கு மேல் சாப்பிடுவதே இல்லை. காலி பாட்டில் ஒன்று எடுத்துப் போனால் குடிநீர்க் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். உள்ளே தண்ணீர் பாட்டிலுக்கும் கூல்டிரிங்குக்கும் போகிற காசை நாளின் கடைசியில் கூட்டிப் பார்த்தால் திடுக்கென்று இருக்கும். கைக்குழந்தைச் சாப்பாடு, சர்க்கரை நோயாளிக்கான தின்பண்டம், மருந்து போன்றவற்றுக்கு முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். சாயங்காலம் வெளியே வந்ததும் பசி கொல்லும். அதற்கு முறுக்கும் வேர்க்கடலை மிட்டாயும் கிளாக் ரூம் பையில் இருக்கட்டும்.

தண்ணீர் ரைடுகளுக்கு நைலான் டிரஸ்தான் போட வேண்டும் என்கிறார்கள். அங்கே வாங்கினால் நாலு பேருக்கும் பெரிய தொகை ஆகும் போலிருக்கிறது. எனக்கு அந்த மாதிரி உடை போட்டுப் பழக்கமும் இல்லை, கூச்சமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, தாராபுரம்

பருத்தி ஈரத்தில் கனத்து உடம்போடு ஒட்டும், சறுக்குகளில் இழுபடும். துப்பட்டா, சேலை எல்லாம் ரைடில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. அதனால்தான் அந்த விதி. ஆனால் நீச்சல் உடைதான் போட வேண்டும் என்று இல்லை. பாலியஸ்டரில் முழுக்கால் டிராக் பேண்ட், முழுக்கை டி-ஷர்ட் போதும். கறுப்பு, கரும்பச்சை, மெரூன் என்று அடர்ந்த நிறமாக எடுங்கள், ஈரத்தில் உடம்பு தெரியாது. உங்களுக்குத் திருப்பூர் பக்கம்தானே! காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் தேடினால் விளையாட்டு உடைகள் மலிவாகக் கிடைக்கும். துணியைத் தொட்டுப் பார்த்து, காட்டன் கலப்பு இல்லாததாக எடுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் பள்ளி விளையாட்டு விழாவுக்கும் ஆகும். முன்பே வாங்கி வீட்டில் ஒரு தடவை போட்டு நடந்து பாருங்கள். கூச்சம் பாதி அங்கேயே போய்விடும். மீதியை அலைக்குளத்தில் முதல் அலை கொண்டுபோய்விடும்.

பெங்களூரு வொண்டர்லாவுக்கு எந்த நாளில் போனால் கூட்டம் குறைவு? காசு கட்டி வரிசையைத் தாண்டும் ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட் எடுக்கலாமா?
— ஒரு வாசகர், சேலம்

நமக்குக் கூட்டம் இல்லாத நாள் வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் காலண்டரைப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் மே கடைசி வாரத்திலேயே பள்ளி திறப்பது வழக்கம். நம் ஊரில் ஜூன் ஆகிவிடும், 2024-ல் ஜூன் 10 வரை தள்ளிப்போனது. நடுவில் கிடைக்கும் அந்தச் சில வார நாட்கள் தங்கம். அதே மாதிரி பொங்கல். அவர்களுக்குச் சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்துவிடும். நம் மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் நாட்களில் பெங்களூரு வழக்கம்போல் வேலைக்கும் பள்ளிக்கும் போய்க்கொண்டிருக்கும், சனி ஞாயிறாக இல்லாமல் இருந்தால் சரி. ஆனால் ஜனவரியில் பெங்களூரில் தண்ணீர் சில்லென்று இருக்கும். சளி பிடிக்கிற குழந்தை என்றால் ஜூனுக்கே விட்டுவிடுங்கள்.

இப்படி நாள் பார்த்துப் போனால் ஃபாஸ்ட் ட்ராக் தேவைப்படாது. மே மாத ஞாயிற்றுக்கிழமைதான் முடியும், வேறு வழியே இல்லை என்றால், உயரம் இருக்கிற பிள்ளைக்கும் துணைக்கு ஒருவருக்கும் மட்டும் எடுக்கலாமா என்று விசாரியுங்கள். ஆறு வயதுப் பையனுக்கு எடுப்பது வீண், அவன் ஏறக்கூடிய ரைடுகளில் வரிசை சிறியதாகவே இருக்கும். உள்ளே போனதும் எல்லோரும் வாசலுக்குப் பக்கத்து ரைடில் முட்டுவார்கள். நீங்கள் நேராகக் கடைசிக்கு நடந்துபோய் அங்கிருந்து திரும்பி வாருங்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் எங்களை வரச் சொல்லியிருக்கிறாள். பேரன் பேத்தியோடு (8 வயது, மூன்றரை வயது) யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகத் திட்டம். மகள் காசை வீணாக்க எங்களுக்கு மனமில்லை. எங்கே குறைக்கலாம்?
— ஒரு வாசகர், திருச்சி

பேத்திக்கு நாலு வயது ஆவதற்குள் போய்விடுங்கள் ஐயா. அங்கே நாலு வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, 4 முதல் 12 வரை குழந்தை டிக்கெட். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் தேதியை நீங்கள் விருப்பப்படி நகர்த்தலாம். அங்கேயும் வார நாள்தான் நல்லது, சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையான ஜூனையும் டிசம்பரையும் தவிர்த்துவிடுங்கள்.

பார்க் செந்தோசா தீவில் இருக்கிறது. ஹார்பர்ஃபிரண்ட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் விவோசிட்டி என்ற பெரிய மால். அங்கிருந்து மோனோரயிலில் தீவுக்குள் போக ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலரைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள்). பக்கத்திலேயே கடல் ஓரமாக நடைபாதை இருக்கிறது, நடந்து போனால் காசு கிடையாது. கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் எல்லோரும் புதுத் தெம்போடு இருக்கும்போது நடந்து போங்கள், சாயங்காலம் கால் வலிக்கும்போது மோனோரயிலில் திரும்புங்கள். திரும்பும் பயணத்துக்குக் கட்டணம் இல்லை. மகள் வீட்டில் தங்க இடம் போதாமல் ரூம் எடுப்பதானால் லிட்டில் இந்தியாவில் எடுங்கள். அங்கிருந்து ஹார்பர்ஃபிரண்டுக்கு ஊதா லைனில் ஒரே வண்டி, தேக்கா மார்க்கெட்டில் நம் சாப்பாடு நியாயமான விலையில் கிடைக்கும்.

இன்னும் சில விஷயங்கள். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம், பாட்டில் வாங்காதீர்கள். ஜுராசிக் பார்க் படகு ரைடில் தொப்பலாக நனைவீர்கள், மழைக்கோட்டை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். எல்லோரும் போட்டோ எடுக்கும் அந்தச் சுழலும் பூமி உருண்டை கேட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. மூன்றரை வயதுப் பேத்திக்கு முழு நாள் தாங்குமா என்று யோசித்து, பாட்டியும் அவளும் தீவின் கடற்கரையில் மணலில் விளையாட, மற்றவர்கள் மட்டும் டிக்கெட் எடுப்பதும் நல்ல ஏற்பாடுதான். செந்தோசாவுக்குள் ஓடும் பஸ்கள் இலவசம்.

கோவையில் இருக்கிறோம். பெங்களூரு, கொச்சி எல்லாம் இந்த வருடம் முடியாது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டில் பிளாக் தண்டர் இருக்கிறதே! கோவை ஸ்டேஷனிலிருந்து மேட்டுப்பாளையம் பாசஞ்சர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், டிக்கெட்டுக்குச் சில்லறைக் காசுதான். அங்கிருந்து ஊட்டி பஸ். நீலகிரி மலையைப் பார்த்தபடி தண்ணீரில் கிடக்கிற சுகம் எந்தப் பெரிய பார்க்கிலும் கிடையாது. பிள்ளைகளுக்கு ரைடு எத்தனை என்பதைவிட அப்பாவும் அம்மாவும் கூட நனைந்தார்களா என்பதுதான் கணக்கு. அதற்காக வருத்தப்பட வேண்டாம் சகோதரி.

என் மகன் குடும்பத்தோடு கூப்பிடுகிறான். எனக்கு 67 வயது. நான் என்ன விளையாடப் போகிறேன், ஒரு டிக்கெட் மிச்சமாகட்டும், வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?
— ஒரு வாசகி, கும்பகோணம்

சரியில்லை அம்மா. உங்களுக்கு ஆசை இருக்கிறது, இல்லாவிட்டால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், தலைகீழாகச் சுற்றுகிற ரைடு எதிலும் ஏற வேண்டாம். மற்றபடி பெரிய பார்க்குகளில் லேசி ரிவர் என்று ஒன்று இருக்கும். டியூபில் உட்கார்ந்தால் தண்ணீர் தானே உங்களை மெதுவாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வரும். பேரனை மடியில் வைத்துக்கொள்ள முடியாது, பக்கத்து டியூபில் அவன் வருவான், கையைப் பிடித்துக்கொள்ளலாம். காவிரிக்கரையில் வளர்ந்தவர், உங்களுக்குத் தண்ணீர் என்ன புதுசா?

வழுக்காத ரப்பர் செருப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தாராபுரம் சகோதரிக்குச் சொன்ன உடை உங்களுக்கும் பொருந்தும், இரண்டு செட் எடுங்கள், ஈரத்தோடு வெகுநேரம் இருக்கக் கூடாது. மகனிடம் 60 வயதுக்கு மேற்பட்டோர் டிக்கெட்டைக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். கூடவே லாக்கர் காசைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். யாராவது உங்கள் கையில் பையைக் கொடுத்தால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.